சாவி ஆன்ல இருந்துதா, மாமா?

விற்ற பொருள் திரும்பி வந்தால் கடைக்காரன்தான் முதலில் வாயைத் திறக்க வேண்டும். வந்தவர் "இது வந்து..." என்று ஆரம்பிப்பதற்குள் ஒரு கேள்வியை எடுத்துப் போட்டுவிட வேண்டும். அப்பாவின் பாத்திரக் கடையில் உட்கார்ந்து பார்த்தே நான் இதைப் பிடித்துக்கொண்டேன். ஓட்டை வாளியோடு ஒரு அம்மா படியேறினால், அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றியபடி, அக்கறை சொட்டச் சொட்டக் கேட்பார்: "கீழ போட்டுட்டீங்களாம்மா?" வாளி வைத்திருக்கிற எவர்தான் அதை ஒரு தடவையாவது கீழே போட்டிருக்கமாட்டார்? அந்த அம்மா யோசிக்க ஆரம்பிப்பார். யோசிக்க ஆரம்பித்தவர் பாதி தோற்றவர். மீதிப் பாதியை அப்பா ஒரு டீ வாங்கிக் கொடுத்து முடித்துவிடுவார்.

நான் பாத்திரத்தை விட்டு பேட்டரிக்கு வந்தேன். கடை மாறியதே தவிர வாய் மாறவில்லை. பைக் பேட்டரி செத்துப்போய்த் திரும்பி வந்தால் என் கேள்வி: "சாவியை ஆன்ல விட்டுட்டீங்களா?"

பத்துப் பேரில் ஒன்பது பேர் தடுமாறிவிடுவார்கள். பத்தாவது ஆள் சண்டை போடுவார். அவருக்கு மட்டும் பேட்டரியை மாற்றிக் கொடுப்பேன். இருபது வருஷம் இப்படித்தான் ஓடியது. என் மாமா பத்தாவது ஆள் இல்லை. அதுதான் வினை.

மாமா என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். ஐம்பத்தேழு வயது. பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் முப்பது வருஷம் நின்றவர். திராட்சைக் கொத்தைக் கையில் கொடுத்தால்கூடப் பத்துப் பத்தாகப் பிரித்து வைத்துத்தான் சாப்பிடுவார் என்று அக்கா கேலி செய்வாள். அவரிடம் இருபத்தாறு வயதான பைக் ஒன்று உண்டு. அக்காவுக்கு அடுத்தபடியாக அவர் கவனித்துக்கொள்வது அதைத்தான். அக்காவைக் கேட்டால் வரிசையை மாற்றிச் சொல்லுவாள்.

அந்தக் காலத்து வண்டி. கிக்கரை எத்தனை தடவை உதைத்தாலும், பிளக்கில் பொறி வர பேட்டரியில் கொஞ்சமாவது உயிர் இருக்க வேண்டும். பேட்டரி செத்தால் தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான்.

முதல் தடவை அப்படித் தள்ளிக்கொண்டு வந்தபோது பேட்டரி ரொம்பப் பழசு. கேள்வி கேட்காமல் புதுசு போட்டேன். அஞ்சு மாதத்தில் மறுபடி வந்தார். பேட்டரியைக் கழற்றி, லோடு டெஸ்டரின் இரண்டு கவ்விகளையும் மாட்டினேன். முள் சிவப்பில் போய் விழுந்தது.

"சாவி ஆன்ல இருந்துதா, மாமா?"

"இல்லையே மாப்ள. எடுத்துட்டேனே."

"யோசிச்சுப் பாருங்க."

யோசித்தார். இருந்தாலும் உறவு என்பதால் ஒரு படி மேலே போனேன். புது பேட்டரி மாட்டி, என்ஜினை ஓட விட்டு, மீட்டரை வைத்துக் காட்டினேன். பதிமூன்று புள்ளி எட்டு வோல்ட். "பாருங்க, ரெகுலேட்டர் நல்லா இருக்கு, காயில் நல்லா இருக்கு, சார்ஜ் ஜோரா ஏறுது. வண்டி மேல ஒரு குறையும் இல்லை." வண்டி மேல் குறையில்லை என்றால் யார் மேல் என்று நான் சொல்லவில்லை. சொல்லாமல் விடுவதிலும் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

மூன்றாவது தடவை அவர் வந்தது நடுப்பகல். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஆஸ்பத்திரி வாசலிலிருந்து தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். கடை முன்னால் டயர்க்காரரும், பக்கத்து மெக்கானிக் வால்வும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். எந்த வண்டி வந்தாலும் முதலில் வால்வைச் சந்தேகப்படுவதால் அவனுக்கு அந்தப் பெயர். மூன்று பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் என் வாய் சும்மா இருந்ததாகச் சரித்திரம் இல்லை.

"வாங்க மாமா. இந்தத் தடவை சாவி எவ்வளவு நேரம் ஆன்ல இருந்துது?"

"இல்லை மாப்ள. நான் எடுத்தேன். எனக்கு நல்லா ஞாபகம்..."

"ஞாபகம்னா எந்த ஞாபகம்? நேத்து எடுத்ததா, முந்தாநாள் எடுத்ததா?"

டயர்க்காரர் சிரித்தார். ஒரு சிரிப்பு விழுந்துவிட்டால் அடுத்ததையும் வாங்காமல் நான் விடுவதில்லை.

"ஒண்ணு செய்யறேன். சாவியை ஒரு சங்கிலில கோத்துக் கழுத்துல மாட்டி விட்டுடறேன். ஸ்கூல் பிள்ளைங்களுக்குத் தண்ணி பாட்டில் மாட்டி விடற மாதிரி. என்ன சொல்றீங்க?"

டயர்க்காரருக்கு டீ புரையேறியது. வால்வுகூடச் சிரித்தான். மாமா சிரிக்கவில்லை. கையிலிருந்த சாவியை ஏதோ முதல் தடவை பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"விட்டிருப்பேன் போல."

நான் ஜெயித்துவிட்டேன். மூன்றாவது பேட்டரியை மாட்டி அனுப்பினேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மாமாவின் அப்பா அறுபது தாண்டியதும் மறதியில் விழுந்தவர். கடைசி இரண்டு வருஷம் சொந்தப் பிள்ளையையே "தம்பி, நீங்க யாரு வீட்டுப் பையன்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மாமா ஒவ்வொரு தடவையும் பொறுமையாகத் தன் பெயரைச் சொல்லுவார். பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். அதனால், தெரியாமல் விளையாடிவிட்டேன் என்று நழுவ எனக்கு வழியில்லை.

மூன்றரை மாதம் மாமாவைக் காணோம். பேட்டரி நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வெள்ளிக்கிழமை அக்கா வந்து இறங்கினாள், சின்ன லோடு வண்டியில். பின்னால் பைக்கைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது.

"இந்தா. இதை யாருக்காவது வித்துடு."

"என்னக்கா ஆச்சு?"

"என்ன ஆகணும்? மறுபடி செத்துடுச்சு. உன் கடைக்கு மட்டும் வரமாட்டேன்னுட்டார்."

என் வாய் தானாகத் திறந்தது. "சாவியை..." வரை வந்துவிட்டது. அக்கா என் முகத்தைப் பார்த்தாள்.

"சொல்லு. ஏன் நிறுத்திட்டே? முழுசாச் சொல்லு."

அவள் கைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து மேசை மேல் போட்டாள். மாமாவின் கையெழுத்து. மருந்துச் சீட்டில் எழுதி எழுதிப் பழகிய, எறும்பு வரிசைபோன்ற எழுத்து. ஒரு நாளைக்கு ஒரு வரி. தேதி, நேரம், அப்புறம்: "சாவி எடுத்தேன். ஸ்விட்சைத் தொட்டுப் பார்த்தேன்." அடுத்த நாளும் அதே. அதற்கடுத்த நாளும். பக்கத்தைப் புரட்டினேன். ஒரு மாதம் போனதும் "இரண்டு தடவை தொட்டுப் பார்த்தேன்" என்று மாறியிருந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளி, "மூன்று தடவை." கடைசி வரியும் அப்படித்தான் இருந்தது. அதற்கு மறுநாள் வண்டி செத்திருக்கிறது.

"இதுல எல்லா நாளும் எடுத்ததா இருக்கேக்கா."

"அதைத்தான் நானும் சொன்னேன். அதுக்கு அவர் என்ன சொல்றார் தெரியுமா? 'எழுதினது என் கைதான். செஞ்சேனாங்கறதுதான் தெரியலை. செய்யாமலே செஞ்சதா எழுத ஆரம்பிச்சிட்டேன் போல'ங்கறார்."

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தாள். டீ வேண்டாம் என்று கை காட்டினாள்.

"ஆஸ்பத்திரில மாத்திரையை ரெண்டு தடவை எண்ணறார்டா. கூட வேலை பாக்கற பொண்ணை மூணாவது தடவை எண்ணச் சொல்றார். வரிசை வாசல் வரைக்கும் நிக்குது. ஒரு சாவியை எடுத்தேனா இல்லையான்னு தெரியாதவன், யார் பிள்ளைக்கு எந்த மருந்தைக் கொடுப்பேனோன்னு பயப்படறார். வேலையை விடறதுக்கு லெட்டர் எழுதி வச்சுட்டார். திங்கட்கிழமை கொடுக்கப் போறார்."

"டாக்டர் யாரையாவது..."

"சுத்தியும் டாக்டர்ங்கதான். யார்கிட்டயும் சொல்ல மாட்டேங்கறார். அவங்க அப்பா மாதிரி ஆயிட்டேன்னு அவரே முடிவு பண்ணிட்டார்." எழுந்துகொண்டாள். "ரெண்டு தடவையும் நீ டெஸ்ட் பண்ணித்தானே சொன்னே? நல்லாப் பாத்துத்தானே சொன்னே?"

"பாத்தேன்க்கா" என்றேன். பேட்டரியைப் பார்த்திருந்தேன். அதற்குப் பிறகு அவள் கேட்டதற்கெல்லாம் தலையைத்தான் ஆட்டினேன்.

எங்கள் தெருவில் ஒரு ஏற்பாடு உண்டு. பேட்டரிக் கடைக்காரன் பேட்டரியைப் பார்ப்பான், மெக்கானிக் வண்டியைப் பார்ப்பான். ஒருவர் எல்லைக்குள் இன்னொருவர் கை வைப்பதில்லை. பகை வராமல் பிழைக்கிற வழி. பேட்டரி கெட்டிருந்தால் அது ஏன் கெட்டது என்று கேட்பது என் வேலை இல்லை. கெட்டதா இல்லையா, அவ்வளவுதான். நோயாளியை வாசலிலேயே நிறுத்திவிட்டு அவர் சட்டையை மட்டும் உள்ளே வாங்கிப் பார்த்து வைத்தியம் சொல்வதுபோல ஒரு தொழில். அந்த நோட்டைப் படித்த பிறகு வண்டியைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. மாமாவின் எழுத்து பொய் சொல்லி நான் பார்த்ததில்லை.

பேட்டரியை மெதுவான சார்ஜில் போட்டு, சனிக்கிழமை காலை எடுத்து மாட்டினேன். பன்னிரண்டு புள்ளி ஏழு. லோடு வைத்தேன், தாக்குப்பிடித்தது. கொஞ்சம் களைத்திருந்ததே தவிர, சாகவில்லை. பிறகு, இத்தனை வருஷத்தில் ஒரு வாடிக்கையாளருக்கும் நான் செய்யாத காரியத்தைச் செய்தேன். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, நடுவில் மீட்டரை வைத்தேன். நிற்கிற வண்டி கரண்ட்டைக் குடிக்கிறதா என்று பார்க்க. சுழி. ஒரு பொட்டு ஒழுக்குகூட இல்லை. சாவி எடுத்திருந்தால் இந்த வண்டி பத்து நாள் நின்றாலும் பேட்டரி சாகாது.

என்ஜினை உதைத்தேன். மீட்டர் ஏறியது. பதிமூன்று புள்ளி எட்டு, அன்றைக்குக் காட்டிய அதே எண். எல்லாம் சரி. அப்படியானால் மாமாதான்.

ஒரு நிமிஷம் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டியதுதான்.

கையைத் துடைத்தபடி வால்வு வந்து எட்டிப் பார்த்தான். "என்ன, என் தொழிலுக்கு வந்துட்டே?"

"எல்லாம் நல்லா இருக்குடா. பேட்டரி மட்டும் சாகுது."

"லைட் போட்டுப் பாத்தியா?"

"பகல்ல எதுக்கு லைட்டு?"

"உங்க மாமா பகல்லயா வீட்டுக்குப் போறார்?"

மாமாவுக்கு ஒன்றரை வருஷமாகச் சாயங்கால ஷிஃப்ட். மத்தியானம் போய், இருட்டிய பிறகு திரும்புகிறார். வழி நெடுக சிக்னல். லைட்டைப் போட்டேன். பதிமூன்று எட்டு அப்படியே சரிந்து பன்னிரண்டு புள்ளி ஒன்றில் வந்து நின்றது. ஆக்ஸிலேட்டரை முறுக்கினேன். பன்னிரண்டு புள்ளி ஆறு. அதற்கு மேல் ஏற மறுத்தது. அதாவது, லைட் எரிகிற வரைக்கும் பேட்டரிக்கு வரவு இல்லை, செலவு மட்டும்தான். சாயங்காலத்துக்குச் சாயங்காலம், கொஞ்சம் கொஞ்சமாக, நாலைந்து மாதத்தில் ஒரு பேட்டரி.

வால்வு மீட்டரைப் பார்க்கவில்லை. முன் லைட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது ஏன் மங்கலை?"

"எது?"

"அந்தக் காலத்து வண்டில கரண்ட் எடுக்கற காயில்ல பாதி பேட்டரிக்கு, பாதி லைட்டுக்கு. என்ஜின் மெதுவா ஓடினா லைட் மங்கணும், முறுக்கினா பளிச்சுன்னு வரணும். இது கல்லு மாதிரி நிக்குது பாரு. எவனோ லைட்டை பேட்டரி லைனுக்கு மாத்தி விட்டிருக்கான். அந்தப் பாதிக் காயில் எத்தனை வாய்க்குத்தான் சோறு போடும்? எந்த மடையன் வேலை இது?"

திருப்புளியை எடுத்து லைட்டின் வளையத்தைக் கழற்றினான். உள்ளே ஒயர்க் கொத்து. அதில் ஒரு இணைப்பு மட்டும் கறுப்பு டேப் சுற்றி இருந்தது. டேப்பின் நுனி உள்பக்கமாக ஒரு நகத்தளவு மடிந்திருந்தது.

இந்தத் தெருவில் டேப் நுனியை மடிப்பவன் நான் ஒருவன்தான். பாத்திரக் கடையில் பார்சல் கட்டிப் பழகிய கை. அடுத்த தடவை பிரிக்க நகம் போடத் தேவையில்லாமல், நுனியை மடித்து விட்டுவிடும். மேசை மேல் இருந்த டேப் சுருளும் அந்த நேரத்தில் அப்படித்தான் கிடந்தது, நுனி மடிந்து.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், சாயங்கால ஷிஃப்ட் ஆரம்பித்த முதல் வாரம், மாமா வந்து சொன்னார்: "சிக்னல்ல நின்னா லைட் மங்குது மாப்ள. எதுக்க வர்றவன் என்னைப் பாக்காம வந்துடுவானோன்னு பயமா இருக்கு." நான் "இது ஒரு விஷயமா மாமா?" என்று பத்து நிமிஷத்தில் ஒயரை மாற்றிவிட்டேன். லைட் பளிச்சென்று நின்றது. அவர் சந்தோஷப்பட்டார். பைசா வாங்கவில்லை. பில் போடாத வேலை எதுவும் என் தலையில் நிற்பதில்லை. சுத்தமாக மறந்துபோனேன்.

மறந்தது நான். அந்த வார்த்தையை மனதுக்குள் சொல்லிப் பார்த்தபோது காது மடல் சுட்டது.

"எந்த மடையனோ" என்று வால்வு மறுபடி சொன்னான்.

"யாரோ" என்றேன்.

அவன் கண் டேப் சுருளுக்குப் போய்விட்டுத் திரும்பியது. தன் கடைக்குப் போய்விட்டான்.

இணைப்பை வெட்டி எடுத்தேன். லைட்டைப் பழையபடி காயிலின் மஞ்சள் ஒயருக்கே கொடுத்தேன். என்ஜின் மெதுவாக ஓடும்போது லைட் மங்கியது, முறுக்கியபோது தெளிந்தது. மீட்டர் பதிமூன்று ஏழில் நின்றது. வெட்டிய துண்டைக் குப்பைக்கூடையில் போடப் போனேன். வால்வு பார்ப்பானோ என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியை நானே ஓட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். போகிற வழியெல்லாம் என்ன சொல்வது என்று பேரம் பேசிக்கொண்டே போனேன், என்னோடு நானே. நல்ல விலைக்கு முடிந்தது. ரெகுலேட்டர் போய்விட்டது என்று சொல்லிவிடலாம். மாமா மேல் தப்பில்லை என்று ஆகிவிடும், என் பெயரும் வராது. யாருக்கும் நஷ்டமில்லை. ரெகுலேட்டருக்கு மட்டும் கெட்ட பெயர். அதற்கு என்ன, வாயா இருக்கிறது?

வாசல் கதவு திறந்திருந்தது. கதவின் உள்பக்கத்தில் ஒரு வெள்ளைக் காகிதம் ஒட்டியிருந்தது. "சாவி?" எறும்பு எழுத்தில், பெரியதாக. வீட்டுக்குள் நுழைகிற ஒவ்வொரு தடவையும் அந்த மனிதரைப் பார்த்து என் கேள்விதான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

"வா மாப்ள" என்றார். கொஞ்சம் இளைத்திருந்தார். மேசையில் ஒரு உறை, ஒட்டாமல்.

"மாமா, தப்பு உங்க மேல இல்லை" என்று நின்றபடியே ஆரம்பித்தேன். "ரெகுலேட்டர் போயிருக்கு. அதான் சார்ஜ் ஏறலை. புதுசு மாத்திட்டேன். நீங்க சாவியெல்லாம் ஒழுங்காத்தான் எடுத்திருக்கீங்க."

சமையலறையிலிருந்து அக்கா வந்து நிலையில் சாய்ந்து நின்றாள். மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"எது, ரெண்டாவது தடவை மீட்டர் வச்சுக் காட்டினியே, பதிமூணு புள்ளி எட்டுன்னு, அந்த ரெகுலேட்டரா?"

எண்ணைக்கூட அவர் மறக்கவில்லை.

"அது... அதுக்கப்புறம் போயிருக்கும்."

"பழசை எங்கே? கொண்டா, பாப்போம்."

"தூக்கிப் போட்டுட்டேன்."

"நீயா? உடைஞ்ச திருகாணிக்குக்கூட உன் கடைல டப்பா இருக்கு. நீ எதையாவது தூக்கிப் போட்டு நான் பாத்ததில்லையே." எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். "உங்க அக்கா அழுதிருப்பா. நீ எனக்காக ஒண்ணு கட்டிச் சொல்றே. பரவாயில்லை. நல்ல மனசு உனக்கு. ஆனா ஆஸ்பத்திரி விஷயத்துல நான் இரக்கத்தையெல்லாம் நம்ப முடியாது மாப்ள."

அந்தக் கை தோளில் இருந்தது. விஷயம் தெரியாமல் இரண்டு தடவை சொன்னபோது நம்பினார். அவர் மேல் தப்பில்லை என்ற உண்மையைச் சொல்லும்போது நம்பவில்லை. ஏன் நம்பவில்லை என்று என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? அப்பாவின் கடையையும் சேர்த்து நாற்பது வருஷமாகக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். விற்கிறவன் இனிப்பாகப் பேசுவதை வாங்குகிறவன் நம்புவதில்லை. விற்கிறவனுக்கே கையைக் கடிக்கிறது என்று தெரிந்தால்தான் நம்புவான். நான் எனக்கு ஒரு பைசா நஷ்டமில்லாத கதையைக் கொண்டுவந்திருந்தேன். அதைப் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிட்டார்.

உறையின் மேல் ஆஸ்பத்திரி அதிகாரியின் முகவரி எழுதியிருந்தது.

சட்டைப் பையிலிருந்து ஒயர்த் துண்டை எடுத்து மேசையில் வைத்தேன்.

"ரெகுலேட்டர் போகலை மாமா. பொய் சொன்னேன்."

அவர் துண்டை எடுத்தார். மாத்திரையைப் பார்ப்பதுபோல விரல் நுனியில் வைத்துப் பார்த்தார். டேப்பின் மடித்த நுனியை நகத்தால் நிமிர்த்தினார்.

"இது நீ மடிக்கிறதாச்சே."

"ஆமா." பிறகு சொன்னேன். சிக்னலில் மங்கிய லைட், பத்து நிமிஷ வேலை, பாதிக் காயில், பன்னிரண்டு புள்ளி ஒன்று. எல்லாம். தலையைத் தூக்காமல் சொன்னேன். மேசை விரிப்பில் ஒரு பழைய மைக்கறை இருந்தது. அதன் ஓரம் எங்கெங்கே வளைகிறது என்று இன்றைக்கும் என்னால் வரைந்து காட்ட முடியும்.

"என்னைக்கு மாத்தினே?"

"உங்க சாயங்கால ஷிஃப்ட், முதல் வாரம்."

"அப்ப மொத பேட்டரி போனப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியாது மாமா. நான்... மறந்துட்டேன்."

அக்காதான் முதலில் பேசினாள்.

"மறந்தது நீயா?"

"ஆமாக்கா."

"மறந்துட்டு, அவரை மறதிக்காரர்னு சொன்னே. கழுத்துல சங்கிலி மாட்டறேன்னு நாலு பேர் முன்னாடி சொன்னியாமே. அப்பாவோட வாயை மட்டும் வாங்கிட்டு வந்திருக்கேடா நீ. அவர் சொன்னா ஒரு வாளியோட போச்சு."

மாமா நோட்டை எடுத்து வந்து உட்கார்ந்தார். முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார், ஒவ்வொரு வரியாக, விரல் வைத்து. ஒரு இடத்தில், "இது நான் எடுத்ததுதான்" என்றார். பக்கத்தைத் திருப்பினார். "இதுவும் எடுத்தேன்." யாரிடமோ சாட்சி சொல்வதுபோல ஒவ்வொன்றுக்கும் சொல்லிக்கொண்டே போனார். "எடுத்தேன். எடுத்தேன்." நடுவில் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துவிட்டுத் தொடர்ந்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் நான் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

கடைசி வரி முடிந்ததும் உறையை நோட்டுக்குள் வைத்து மூடினார். கிழிக்கவில்லை.

"கடைல, அன்னைக்கு இருந்த அதே ஆளுங்க முன்னாடி சொல்லிடறேன் மாமா. நீங்களும் வாங்க."

"வேண்டாம்."

"இல்லை மாமா, நான் சொல்லணும்..."

"நீ சிரிக்கச் சிரிக்கச் சொல்லுவே மாப்ள. உன்னையே கேலி பண்ணிச் சொல்லுவே. அவங்களும் சிரிப்பாங்க. கடைசில அதுலயும் நீதான் ஜெயிப்பே." கோபமாகச் சொல்லவில்லை. மருந்தை எப்போது சாப்பிட வேண்டும் என்று சொல்கிற அதே குரல். "வண்டிச் சாவி எங்கே?"

கொடுத்தேன். வாங்கிக்கொண்டு வெளியே போனார். வண்டி ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். லைட்டைப் போட்டு, சுவரில் விழுகிற வெளிச்சம் மங்குவதையும் தெளிவதையும் அவர் முறுக்கி முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கதவிலிருந்த காகிதத்தை உரித்து எடுத்து, நாலாக மடித்து, என் கையில் வைத்தாள்.

திங்கட்கிழமை அவர் அந்த உறையைக் கொடுக்கவில்லை. அதை அக்கா போனில் சொன்னாள். சொன்னதும் வைத்துவிட்டாள்.

அவர் வேண்டாம் என்றும் நான் கடையில் சொன்னேன். வால்வு பாதியிலேயே "தெரியும்" என்றான். "நுனி மடிஞ்சிருந்துது."

"அப்புறம் ஏன்டா சொல்லலை?"

"நீ சொல்றியான்னு பாத்தேன்."

டயர்க்காரர் "இருபது வருஷம் பேட்டரி வித்தும் உனக்கு..." என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் என் நாக்கு அடுத்த வரியை இன்னும் வேடிக்கையாக எடுத்துக் கட்டத் தயாரானது. மாமா சொன்னது சரிதான். வாயை மூடிக்கொண்டு உள்ளே போய் அட்டைப்பெட்டிகளை அடுக்கினேன். அடுக்கியிருந்ததைக் கலைத்து மறுபடி அடுக்கினேன்.

இப்போது யாராவது செத்த பேட்டரியோடு வந்தால், வண்டியையும் கொண்டு வரச் சொல்கிறேன். லைட்டைப் போட்டுப் பார்க்கிறேன், ஒழுக்குப் பார்க்கிறேன். பழைய கேள்வி இன்னும் நாக்கில்தான் இருக்கிறது. இருபது வருஷத்து வாடகைதாரர் அவ்வளவு சுலபமாகக் காலி செய்வாரா? பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

போன மாதம் மாமா கடைக்கு வந்தார். பிரேக் லைட் பல்பு ஒன்று வேண்டும் என்று போன் செய்திருந்தார். கடைக்கு எதிரே வண்டியை நிறுத்தினார். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். தெருவைக் கடக்க நாலு அடி வைத்தார். நின்றார். திரும்பிப் போனார். ஸ்விட்சின் மேல் உள்ளங்கையை வைத்தார், காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. எடுத்தார். மறுபடி வைத்தார். மூன்றாவது தடவை வைத்துக்கொண்டே நிமிர்ந்து கடைப் பக்கம் பார்த்தார்.

நான் சட்டென்று குனிந்து மேசைக்கு அடியில் போனேன்.

வால்வின் கால்கள் கடை வாசலில் தெரிந்தன. "என்னத்தைத் தேடறே?" என்றான்.

"ஒண்ணுமில்லை" என்றேன். எழுந்திருக்கவில்லை.